ஜெர்மனிக் குளிரில் பழைய சோறு புளிக்க மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

மன்னைக்காரன்:

வணக்கம். பிரியாணி, மசால் தோசை என்று கேட்டிருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். எனக்கு வேண்டியது பழைய சோறு.

துரிங்கியா மாநிலத்தில் காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் முதுகலை படிக்கிறேன். செப்டம்பரில் வந்தேன். நம் ஊர்ச் சாமான் எது வேண்டுமானாலும் ரயிலேறி எர்ஃபுர்ட் போக வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வகுப்பில்லாத ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றால் அன்றைக்கு இந்த நாட்டில் கடைகள் எல்லாம் சாத்திக்கொண்டு படுத்துவிடுகின்றன.

போன மாதக் கடைசியில் காய்ச்சல். ஐந்து நாளும் ரொட்டி, சீஸ், பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டுகிற சூப். நாக்கு செத்துப் போய்விட்டது. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டுப் பசி எடுத்தபோது எனக்கு எச்சில் ஊறியது எங்கள் அப்பாயியின் (அப்பாவின் அம்மா) கஞ்சிப் பானையை நினைத்து.

வேடிக்கை என்னவென்றால் ஊரில் இருந்தவரை நான் அதைத் தொட்டதே இல்லை. அப்பாயி நடவுக்குக் கிளம்பும் முன்னால், விடிந்தும் விடியாமலும், கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து குடிக்கும். பானைக்குள் கையை விட்டுப் பிசையப் பிசைய அந்தத் தண்ணீர் பால் நிறத்துக்கு மாறும். ஓரத்தில் நாலைந்து குமிழி உடையாமல் நிற்கும். கல் உப்பு இரண்டு விரலில் வந்த அளவு. சின்ன வெங்காயத்தை நிலைப்படியில் வைத்து உள்ளங்கையால் ஒரே குத்து, தோல் தனியாகக் கழன்றுவிடும். "ஒரு வாய் வாங்கிக்கடா" என்று கையை நீட்டும். நான் "சீ, நாறுது" என்று ஓடிவிடுவேன். எனக்குத் தனியாக இட்லி வேக வேண்டும். அந்த ஒரு வாய்க்காகத்தான் இப்போது மூன்று வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தடவை பாஸ்மதி அரிசியை வடித்து, ஆறவிட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சமையலறை அலமாரியில் வைத்தேன். காலையில் பார்த்தால் அது நனைந்த சோறு, அவ்வளவுதான். புளிப்பும் இல்லை, குமிழியும் இல்லை. சரி, இன்னொரு நாள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. நாங்கள் நாலு பேர் ஒரே சமையலறையைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். அதில் ஒரு ஜெர்மன் பெண், யாரோ மறந்து வைத்த சோறு கெட்டுவிட்டது என்று நினைத்து எனக்கு உதவி செய்திருக்கிறாள்.

இரண்டாம் தடவை என் அறை ஹீட்டர் மேலேயே வைத்தேன். இரவு பத்து மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், இதமான சூடு. அப்பாடா என்று படுத்தேன். காலை ஆறு மணிக்குப் பாத்திரமும் சில்லிட்டிருக்கிறது, ஹீட்டரும் சில்லிட்டிருக்கிறது.

மூன்றாம் தடவை ஹீட்டர் திருகாணியை 5 வரைக்கும் முறுக்கிவிட்டு இரண்டு நாள் வைத்தேன். அரிசி கரைந்து கூழாகிவிட்டது. நடுவில் இவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறதே, வெளியே மைனஸ் 4 இருந்தாலும் காலையில் ஜன்னல்களை எல்லாம் விரியத் திறந்து ஐந்து நிமிடம் காற்றோட விடுவது? அதுவும் நடந்தது. மூடியைத் திறந்தபோது வந்த வாடை புளிப்பு இல்லை, வேறு என்னவோ. கொட்டிவிட்டேன்.

என்ன அரிசி வாங்குவது, சூட்டுக்கு என்ன செய்வது? தொட்டுக்கொள்ள மோர் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் இங்கே என்ன மாற்று? ஓவனில் வைத்துச் செய்யலாமா என்று யாராவது சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் கேட்க வெட்கமாக இருக்கிறது. எம்.எஸ். படிக்க அனுப்பினால் பழைய சோறு எப்படிச் செய்வது என்று கேட்கிறான் என்பார்கள்.


ஃபிராங்க்ஃபர்ட்வாசி:

இதற்கு ஏன் இவ்வளவு பாடு நண்பா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பொன்னி புழுங்கல் 5 கிலோ, சின்ன வெங்காயம் 2 கிலோ, கறிவேப்பிலை ஒரு கட்டு, அம்மா கையால் வெண்ணெய் காய்ச்சிய நெய் ஒரு பாட்டில். பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள். முடிந்தது கதை.


ஸ்டுட்கார்ட் அக்கா:

மேலே சொன்னதைக் கேட்டு வெங்காயத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதே தம்பி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் பயணி கையில் கொண்டுவரும் காய், பழம், இலை எல்லாவற்றுக்கும் பயிர்நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். விலக்கு ஐந்தே ஐந்துக்கு: அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், துரியன், பேரீச்சை. சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் அந்தப் பட்டியலில் இல்லை. பால் பொருளுக்கும் தடை, ஆகவே அம்மாவின் நெய்யும் சுங்கக்காரர் மேசையில்தான் நிற்கும். தேங்காய்க்கு விலக்கு இருக்கிறதே என்று கொப்பரையைக் கொண்டுவந்துவிடாதே. கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானத்தில் தனிக் கெடுபிடி உண்டு.

இப்போது உன் சோற்றுக்கு வருகிறேன். நான் இங்கே ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அதனால் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்.

உன் ஹீட்டரில் கோளாறு ஒன்றும் இல்லை. பல கட்டடங்களில் இரவு பத்து பதினொரு மணிக்கு மேல் மையக் கொதிகலனின் சூட்டைத் தாங்களாகவே இறக்கிவிடுவார்கள், விடியற்காலையில்தான் மறுபடி ஏற்றுவார்கள். நீ திருகாணியை 5இல் வைத்தாலும் குழாயில் வருவது ஆறிய தண்ணீர்தானே? அப்புறம் அந்த 5 என்பது அறை எவ்வளவு சூடாக வேண்டும் என்பதற்கான எண். 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. நம் ஊரில் ராத்திரி முழுக்க 27, 28 டிகிரியில் கிடக்கிற பானை இங்கே 16, 17இல் கிடந்தால் எப்படிப் புளிக்கும்?

ஆகவே ராத்திரி ஊறவைத்துக் காலையில் குடிப்பது என்ற நினைப்பை விடு. காலை ஏழு மணிக்கு ஊறவை, இரவு ஏழு மணிக்குச் சாப்பிடு. ஹீட்டர் ஓடுகிற நேரம் அதுதான். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, காலையா ராத்திரியா என்று உன் வயிற்றுக்கு என்ன தெரியப்போகிறது!

அரிசி விஷயத்தில் நீ செய்தது முழுத் தப்பு. பாஸ்மதியை அதன் பாட்டுக்கு புலாவுக்கு விட்டுவிடு. உனக்கு வேண்டியது புழுங்கல். அது உன் தெரு முனைச் சூப்பர்மார்க்கெட்டிலேயே 'பார்பாய்ல்ட்' என்று எழுதிக் கிடக்கிறது, யாரும் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பைக்குள் 125 கிராம் கட்டியும் விற்பார்கள், அந்தப் பையைக் கத்தரித்துக் கொட்டிவிடு. நெல்லை உமியோடு ஊறவைத்து அவித்துக் காய வைக்கும்போதே மாவுச்சத்து ஒருமுறை வெந்து இறுகிவிடுகிறது. அதனால்தான் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தாலும் பருக்கை உடையாமல் நிற்கிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதே, இவர்களுக்குச் சோறு விறைப்பாக இருக்க வேண்டும். ஐந்தாறு நிமிடம் கூடவே வேகவிடு.

அடுத்தது, உன் பாத்திரம் ரொம்பச் சுத்தம். உங்கள் அப்பாயியின் மண்பானையின் துளைகளில் நேற்றைய புளிப்பு, முந்தாநாள் புளிப்பு எல்லாம் குடியிருக்கும். இன்றைய சோற்றைப் புளிக்க வைப்பது அதுதான். சோப்புப் போட்டுத் தேய்த்த உன் எவர்சில்வரில் யார் இருக்கிறார்கள்? அதனால் முதல் தடவைக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி மோர் விடு. குளிர்பெட்டியில் 'ரைனெ புட்டர்மில்ஷ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து எடு. வெறும் 'புட்டர்மில்ஷ்' என்றால் தண்ணீரோ பால் பவுடரோ கொஞ்சம் சேர்க்க அனுமதி உண்டு. 'ரைனெ', அதாவது சுத்தமானது, என்று போட்டதில் அது கூடாது. பழைய சோற்றில் மோர் படக்கூடாது என்பவர்கள் என்னை அடிக்க வரலாம். வரட்டும். முதல் தடவை நீராகாரத்தில் அரை டம்ளர் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள், அடுத்த தடவைக்கு அதுதான் உறை. மூன்றாவது தடவையில் பால் வாடை போய்விடும்.

பாத்திரத்துக்குப் பதில் வாய் அகன்ற தெர்மாஸ் குடுவை இருந்தால் உத்தமம். வெதுவெதுப்பான சோறு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் தண்ணீர், உறை, மூடி. அவ்வளவுதான். குடுவை இல்லையென்றால் இங்கே எல்லார் வீட்டிலும் ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று இருக்கும், காய்ச்சலுக்கு நீயே வாங்கியிருப்பாய். அதையும் பாத்திரத்தையும் சேர்த்து ரஜாய்க்குள் சுருட்டி வைத்துவிட்டு வகுப்புக்குப் போ. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வைக்கலாம், ஆனால் பொதுச் சமையலறையில் வேண்டாம். யாராவது பீட்சா சுட 220இல் முடுக்கிவிடுவார்கள்.

உப்பை முன்னாலேயே போட்டாயா? நீ சொல்லவில்லை. போட்டால் புளிப்பு மந்தமாகும். சாப்பிடும்போது போட்டால் போதும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உன் சமையலறைப் பெண் கொட்டியது நல்ல காரியம். சமைத்த சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி வரும். அதன் வித்து கொதியிலும் சாகாது. சோறு புளிக்காமல் வெதுவெதுப்பாகவே கிடந்தால் அது பெருகி நஞ்சு கக்கும், அந்த நஞ்சு பிறகு எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. சீக்கிரம் புளித்துவிட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை. உறை விடச் சொல்வது ருசிக்காக மட்டும் இல்லை. புளிப்பை அளக்கிற பி.ஹெச். காகிதம் மருந்துக்கடையில் கிடைக்கும், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.5க்குக் கீழே இறங்கினால் நிம்மதியாகச் சாப்பிடு. கொழகொழப்பு, நூல் விடுவது, புளிப்பில்லாத ஒரு வாடை, இதில் எது இருந்தாலும் யோசிக்காமல் கொட்டு.


வடமராட்சியான்:

தம்பி, உங்கட கேள்வியை வாசிச்சுச் சிரிச்சன். பிறகு கனநேரம் ஒண்டும் எழுதத் தோன்றவில்லை.

நான் 1985இல் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயில் ஏறி மேற்குக்குள் வந்தவன். அந்தக் காலம் எங்கட பெடியள் கனபேர் வந்த வழி அது. பிறகு அந்தக் கதவை அடைச்சுப்போட்டாங்கள். அகதி முகாமில் ஒரு அறைக்கு ஆறு பேர், மாடிக்கு இரண்டு அடுப்பு. ஒருத்தருக்கும் பாசை தெரியாது. கடையில் போய் அரிசிப் படம் போட்ட பெட்டியைப் பார்த்து எடுத்து வந்து அவிச்சால் களி மாதிரி ஒட்டுது. அது மில்ஷ்ரைஸ், பாலும் சீனியும் போட்டுக் கிண்டுகிற அரிசி எண்டு எங்களுக்கு ஆர் சொல்லுறது? மிளகாய்த்தூள் எண்டு நினைச்சு நாலு போத்தில் வாங்கினோம். குழம்பு கோயில் குங்குமம் போலச் சிவப்பு, உறைப்பு எண்டு ஒரு சொட்டும் இல்லை. இனிப்புப் பப்பரிக்காத் தூள்! புளிக்குப் பதில் வினாகிரி. தேங்காய்ப்பாலுக்கு, கேக் சாமான்கள் இருக்கிற தட்டில் காய்ஞ்ச தேங்காய்ப்பூப் பக்கெற் இருக்கும், அதைச் சுடுதண்ணியில் ஊறப் போட்டுப் பிழிவோம். மீனுக்கு தக்காளிச் சாற்றில் போட்டுத் தகரத்தில் அடைச்ச ஹேரிங் மீன் ரின். சாற்றைக் கழுவி ஊத்திப்போட்டு, வெங்காயம் வதக்கி, அந்தப் பப்பரிக்காவைப் போட்டு ஒரு குழம்பு.

பழஞ்சோறு அப்பவும் புளிக்கவில்லைத்தான். ஆனால் எங்கட ஊரில் அதை வெறுமனே குடிக்கிறதைவிடக் குழைச்சுத் தின்னுறதுதான் கூடுதல். முதல் நாள் மிஞ்சின சோறு, முதல் நாள் மீன் குழம்பு, கொஞ்சம் தயிர், வெங்காயம், பச்சை மிளகாய், எல்லாத்தையும் ஒரு சட்டியில் போட்டுக் கையால் குழைக்க வேணும். எங்களுக்குள் மூத்தவர் ஒருவர் குழைப்பார். மற்ற ஐந்து பேரும் சட்டியைச் சுத்தி நிண்டு உள்ளங்கையை நீட்டுவோம், ஆளுக்கொரு உருண்டை. கோப்பை கழுவுகிற வேலையும் இல்லை. வெளியில் பனி கொட்டும். அவர் அடுத்த உருண்டையை உருட்டி முடிக்கும்வரை ஒருத்தரும் கையை எடுக்க மாட்டோம். சோறு புளிக்காவிட்டாலும் தயிர் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். உங்கட உறை வெற்றி பெறும்வரை இதைச் செய்து பாருங்கோ.

இன்னொண்டு. அரிசி அலுத்தால் கோதுமை மா 405 வாங்குங்கோ, எந்தக் கடையிலும் ஆக மலிவு. அந்த 405 என்ன எண்டு கன காலம் எனக்குத் தெரியாது, மாவில் மிஞ்சுகிற தாது உப்பின் கணக்காம். குறைஞ்ச எண், வெள்ளை மா. அதைத் துணியில் பொட்டலமாகக் கட்டி நீராவியில் அவிச்சு, சூடு ஆறமுதல் அரிதட்டில் அரிச்செடுத்தால் புட்டுக்கு மா தயார். முப்பது வருசத்துக்கு மேல் எங்கட வீட்டில் இரவுச் சாப்பாடு அதுதான். அரிசிமாப் புட்டு கிடைக்கிற காலம் வந்த பிறகும் என்ரை பிள்ளைகளுக்கு இந்த 405 புட்டுத்தான் அம்மாவின் புட்டு.

ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் பெரிசாகக் கட்டிக் கும்பாபிஷேகம் நடந்தது. கோடையில் தேர் நேரம் கோயிலடியில் கடைகள் போடுவார்கள், ஜெர்மனி முழுக்க இருந்து சனம் வரும். குத்தரிசி, மோர் மிளகாய் எல்லாம் அங்கே பார்க்கலாம். வாங்கோ தம்பி. துரிங்கியாவிலிருந்து ரயிலில் தூரம்தான், ஆனால் வந்துவிடலாம்.


மியூனிக்கில் ஒருத்தி:

ஆளாளுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பதால் நான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறேன். எனக்குப் பழைய சோறு பிடிக்காது. கல்யாணம் ஆகிப் போன வீட்டில் ஐந்து வருடம் தின்றேன். சுடுசோறு ஆண்களுக்கு. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றினால் காலையில் எனக்கும் மாமியாருக்கும். அவரும் மருமகளாக வந்த நாளிலிருந்து அதையேதான் தின்றிருப்பார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆரோக்கியம், குளிர்ச்சி, பாரம்பரியம் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் எந்த ஆணும் அந்தக் குளிர்ச்சியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. இங்கே வந்த முதல் வேலையாகச் சோறு மிஞ்சாமல் வடிக்கப் பழகினேன்.

ஆனால் மோர் மிளகாயோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அதைச் சொல்கிறேன்.

துருக்கிக் கடைக்குப் போங்கள், உங்கள் ஊரிலும் ஒன்றாவது இருக்கும். நீளமாக, ஒல்லியாக, நுனி வளைந்த பச்சை மிளகாய் 'சிவ்ரி' என்று வைத்திருப்பார்கள். காரம் ரொம்ப இருக்காது. காம்போடு வைத்துக்கொண்டு அடியில் மட்டும் கீறிவிடுங்கள். கால் கிலோ மிளகாய்க்கு ஒரு டப்பா புளித்த தயிர், உப்பு தாராளம். இரண்டு நாள் ஊறட்டும். அப்புறம் பகலில் எடுத்துக் காயவைக்க வேண்டும், ராத்திரி அதே தயிரில் திரும்பப் போட வேண்டும், தயிர் முழுக்க மிளகாய்க்குள் போகும்வரை. ஊரில் மொட்டை மாடி. இங்கே? ஹீட்டர்! ஒரு தட்டில் பேக்கிங் காகிதம் விரித்து ஹீட்டர் மேல் வையுங்கள். ஸ்டுட்கார்ட் அக்கா சொன்னது போல ராத்திரி ஹீட்டர் அணைந்தால் என்ன, ராத்திரி மிளகாய் எப்படியும் தயிருக்குள்தானே இருக்கும். ஐந்தாறு நாளில் கலகலவென்று சத்தம் போடும். பொரிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புகையறிவிக்கும் கருவி அலறும். எனக்கு நடந்திருக்கிறது. தீயணைப்பு வண்டி வரவில்லை, மேல் வீட்டுக் கிழவர் வந்துவிட்டார்.

சின்ன வெங்காயத்துக்கு ஷலோட்டன் வாங்கச் சொல்வார்கள். அது இனிக்கும், குத்தினால் உடையாது, வழுக்கிக்கொண்டு ஓடும். எனக்குப் பிடித்தது வேறு: கட்டுக் கட்டாகக் கோலிக்குண்டு அளவில் சிவப்பு முள்ளங்கி விற்கிறார்களே, ராடீஸ்ஷன், அதைக் கடித்துப் பாருங்கள். வெங்காயம் இல்லைதான், ஆனால் மூக்கில் ஏறுகிற அந்தச் சுருக் என்பது இருக்கிறது.


மன்னைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. முடிவைச் சொல்லிவிடுகிறேன்: புளித்தது!

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு வைத்தேன். பார்பாய்ல்ட் இரண்டு பை, பாக்கெட்டில் போட்டதைவிட ஆறு நிமிடம் கூடுதலாக வேகவைத்தது. தெர்மாஸ் இல்லை. வெந்நீர்ப் பை, ரஜாய், அதற்கு மேல் என் குளிர்கோட்டு. பாத்திரத்தின் மேல் 'தயவுசெய்து கொட்ட வேண்டாம்' என்று ஜெர்மனில் எழுதி ஒட்டினேன், என் அறைக்குள்தான் இருக்கிறது என்றாலும். மதியம் ஒருமுறை வெந்நீரை மாற்றினேன். நாலு மணிக்கு மூடியைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். ஏழு மணிக்குத் திறந்தால் ஓரத்தில் குமிழி. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அந்தக் காகிதம் இங்கே மருந்துக்கடையில் கிடைத்தது, 4க்கும் 4.5க்கும் நடுவில் ஒரு நிறம் காட்டியது.

முதல் வாயை ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டேன். நல்ல புளிப்பு, பின்னால் லேசாக மோர் வாடை. பரவாயில்லை என்று நினைத்தேன், அவ்வளவுதான். சந்தோஷத்தில் அப்பாயிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே நள்ளிரவு ஆகப்போகிறது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டேன். பார்த்ததும் அப்பாயி கேட்டது இரண்டு கேள்வி. "ராத்திரியில எவனாவது நீராகாரம் குடிப்பானா, சளி புடிக்காது?" அப்புறம், "கரண்டியாலயா திங்கிற?" ஸ்பூனை வைத்துவிட்டுக் கையை விட்டுப் பிசைந்தேன். தண்ணீர் வெளுத்துப் பால் மாதிரி ஆனது. அப்போதுதான் அந்த வாசம் எழுந்தது. பிசையாமல் விட்டால் அது வராது போலிருக்கிறது, இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

முள்ளங்கி யோசனை அபாரம்.

சமையலறைப் பெண் வந்து மோந்து பார்த்தாள். அவள் ரொட்டிக்குப் புளித்த மாவு வளர்க்கிறவள், ஜாடியை ஃபிரிட்ஜ் தலைமேல் வைத்திருக்கிறாள், பின்பக்கச் சூடு மேலே வருமாம். அடுத்த தடவை என் பாத்திரத்துக்கும் அங்கே இடம் தருவதாகச் சொன்னாள். சாப்பிடக் கொடுத்தேன், ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டாள். வடமராட்சி ஐயா, அடுத்த நாள் மிஞ்சியதை நீங்கள் சொன்னபடி தயிர் போட்டு ரின் மீன் குழம்போடு குழைத்தேன். அதை மட்டும் அவளும் எங்கள் சமையலறை வியட்நாம் பையனும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். கையில்தான் கொடுத்தேன். கோடையில் கட்டாயம் ஹம் வருகிறேன்.

மியூனிக் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இட்லி எனக்கும் அப்பாவுக்கும்தான் வேகும். காலையில் அப்பாயி இட்லி தின்று நான் பார்த்த ஞாபகமே இல்லை. மறுநாள் போனில் கேட்டேன், "ஒனக்கு இட்லி புடிக்காதா அப்பாயி?" என்று. "ஏன் புடிக்காது" என்றது. அப்புறம் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று வைத்துவிட்டது.

ஒரு சந்தேகம். எடுத்து வைத்த அரை டம்ளர் உறையை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? அடுத்த வாரம் முழுக்கத் தேர்வு.


ஸ்டுட்கார்ட் அக்கா:

ஒரு வாரம் தாங்கும். மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில், ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் வை, கதவில் வேண்டாம். மேலே வெள்ளைப் படலம் கட்டினாலோ, வேறு நிறம் தெரிந்தாலோ கொட்டிவிட்டு மறுபடி மோரிலிருந்து ஆரம்பி. தேர்வு நாளன்று காலையில் குடித்துவிட்டுப் போகாதே, நல்ல தூக்கம் வரும்.


மன்னைக்காரன்:

சரி அக்கா. மோர் மிளகாய் இப்போது ஹீட்டர் மேல் மூன்றாவது நாளாகக் காய்கிறது. அறை முழுக்கத் தயிர் நெடியும் மிளகாய் நெடியும், கண் எரிகிறது. வெளியே மைனஸ் 2. ஜன்னலை நானே விரியத் திறந்து வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிக்கிறேன்.